காணாமற்போன ஒரு துண்டு



சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின்பு ஸ்தோத்திரப் பண்டிகைக்கான ஆயத்தக் கூட்டம் நடந்தபோது, பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகள் ஊறுகாயைக் கண்ணாடிப் பாட்டிலில் விற்பதா, பிளாஸ்டிக் டப்பாவில் விற்பதா என்று வெகுநேரம் விவாதித்தார்கள். கண்ணாடியில்தான் ருசி கெடாது என்றார்கள் சிலர். ஆலய வளாகத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்களே என்றார்கள் வேறு சிலர். "ஐயா, நீங்கள் சொல்லுங்கள்" என்று என் பக்கம் திரும்பினார்கள். நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அது உங்களில் சிலருக்கு மனவருத்தமாக இருந்தது என்று பின்பு கேள்விப்பட்டேன். கோபத்தினால் எழுந்து வரவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வாயில்லை. காரணத்தை இந்த வாரத் தியானத்தில் எழுதிவிடலாம் என்று துணிந்திருக்கிறேன். ஐயரம்மாவுக்கும் என் மகளுக்கும் தவிர இது வேறொருவருக்கும் முழுமையாகத் தெரியாது.

நான் இலண்டனில் தமிழ்ச் சபையொன்றில் ஊழியம் செய்த நாட்களில், 2019ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், குடும்பமாக ஓர் இசைவிழாவுக்குப் போனோம். போதகர் இசைவிழாவுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் அந்த விழாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் மாவட்டத்தில் பில்டன் என்றொரு கிராமம். அங்கே வொர்த்தி பண்ணை என்னும் பால் பண்ணை இருக்கிறது. அதன் உரிமையாளர் மைக்கேல் ஈவிஸ் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். தகப்பனார் இறந்தபோது பத்தொன்பது வயதிலேயே பண்ணையையும் அதன் பசுக்களையும் ஏற்று நடத்தத் தொடங்கியவர். அவர் 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி தம்முடைய வயலில் ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார். அனுமதிக் கட்டணம் ஒரு பவுன். பண்ணையில் கறந்த பால் இலவசம். அன்று வந்தவர்கள் ஏறக்குறைய 1500 பேர். அதுதான் வளர்ந்து வளர்ந்து கிளாஸ்டன்பரி விழா என்று உலகம் அறிந்த ஒன்றாயிற்று. இப்போது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். கிளாஸ்டன்பரி நகரம் அங்கிருந்து ஒன்பது, பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதை அங்கே போன பின்புதான் நானே அறிந்தேன்.

ஆண்டின் மற்ற நாட்களில் அது இன்றைக்கும் பால் பண்ணைதான். மேடை நின்ற இடத்தில் பசுக்கள் மேய்கின்றன. சில ஆண்டுகளுக்கொருமுறை நிலத்துக்கு ஓய்வு கொடுத்து விழாவே நடத்தாமல் விடுகிறார்கள். நாங்கள் போனதற்கு முந்தைய 2018 அப்படிப்பட்ட ஓய்வாண்டு. நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் கட்டளையை லேவியராகமத்தில் வாசித்துப் பிரசங்கித்திருக்கிறேன். அதைக் கைக்கொண்ட ஒரு வயலில் கால் வைத்தது அதுவே முதல் முறை.

போகும்படி நேர்ந்தது என் மகளால். அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். விழா முடிந்தபின் குப்பை பொறுக்கும் பணிக்குத் தன் பெயரைக் கொடுத்திருந்தாள். "அப்பா, நீங்களும் அம்மாவும் ஒரு தடவை வந்து பாருங்கள். என் சிநேகிதர்களில் ஏழெட்டுப் பேர் நம்முடைய பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஜெபம் நடத்திக் கொடுங்கள்" என்றாள். முந்தைய அக்டோபரிலேயே புகைப்படத்தோடு பதிவு செய்து எங்களுக்குச் சீட்டு எடுத்துவிட்டாள். கூடாரத்தில் படுக்க என் முதுகு இடங்கொடாது. ஆகையால் ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்தோம். நம் ஊரில் அது அரிது, ஆதலால் சொல்கிறேன். ஒரு வேனுக்குள் மடக்கி விரிக்கும் படுக்கை, எரிவாயு அடுப்பு, கைகழுவும் தொட்டி, இரண்டு மூன்று சிறு அலமாரிகள், அவ்வளவுதான். அதை நிறுத்தத் தனிச் சீட்டு வாங்கவேண்டும். விழாத் திடலின் மதிலுக்கு வெளியே அதற்கென்று வயல்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எங்களுக்கு வந்த அறிவிப்பில் தெளிவாக எழுதியிருந்தது: கண்ணாடிப் பொருள் எதையும் கொண்டுவரக் கூடாது. மகள் அதை எனக்கு வாசித்தும் காட்டினாள்.

என் கையில் நான்கு பாட்டில்கள் இருந்தன.

மூன்று பாட்டில்களில் திராட்சரசம். இலண்டனிலும் நாங்கள் திருவிருந்துக்கான ரசத்தைக் கடையில் வாங்குவதில்லை. ஐயரம்மா கறுப்புத் திராட்சையைக் கழுவி, துடைத்து, சர்க்கரையிட்டுப் பிசைந்து, பரணியில் அடைத்து, இருபத்தொரு நாள் கழித்து வெள்ளைத் துணியில் வடிகட்டி எடுப்பாள். இளைஞர்களுக்குத் திருவிருந்து கொடுக்கலாம் என்ற ஆவலில், அந்த முறை பதினைந்தாம் நாளிலேயே வடிகட்டச் சொன்னவன் நான். வினிகர் வந்த பழைய பாட்டில்களைக் கொதிநீரில் கழுவி, அதில் ஊற்றி, திருகுமூடியை இறுக்கினோம்.

நான்காவது பாட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில். நான் சிறுவனாயிருந்தபோது எனக்குக் காமாலை வந்து, வைத்தியர் சொன்னதன் பேரில் என் தகப்பனார் கடனுக்கு வாங்கி வந்த ஹார்லிக்ஸ். அது தீர்ந்தபின் என் தாயார் அந்தப் பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய் போடத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஊறுகாய்க்கு அதுவே பாத்திரம். 2018 நவம்பரில் ஊருக்குப் போனபோது, அதை நிறைத்து, வாயில் துணி கட்டி, நைட்டி ஒன்றில் சுற்றி என் பெட்டியில் அவர்களே வைத்தார்கள். ஜனவரியில் காலமானார்கள். விழாவுக்குப் போகும்போது அதில் கால்வாசி மீதி இருந்தது. இருவருமாய் அதை ஒரு நாளைக்கு ஒரு துண்டுக்கு மேல் எடுப்பதில்லை. வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இன்றைக்கு நானும் அப்படித்தான் கேட்கிறேன். அந்த நாட்களில் அந்தப் பாட்டில் இல்லாத இடத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேறு பாத்திரத்தில் மாற்றலாமே என்றாள் மகள். என்னிடம் பதில்கள் ஆயத்தமாயிருந்தன. எலுமிச்சையின் புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். பிளாஸ்டிக் எண்ணெயையும் வாசனையையும் குடித்துக்கொள்ளும். கண்ணாடி ஒன்றுதான் எதையும் கொடுக்காது, எதையும் எடுக்காது. இவையெல்லாம் மெய்யே. அந்த ஆண்டுதான் அந்த விழாவில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பதையே நிறுத்தியிருந்தார்கள். முந்தைய விழாவில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான பாட்டில்கள் குப்பையாயின என்று செய்தித்தாளில் வந்திருந்தது. "பிளாஸ்டிக்கையும் வேண்டாம் என்கிறார்கள், கண்ணாடியையும் வேண்டாம் என்கிறார்கள், பின்பு மனிதன் எதில்தான் குடிப்பான்?" என்று கேட்டு அவளை மடக்கினேன். உலோகக் குப்பியில் என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. கடைசியாக, "வேன் என்பது நமக்கு வீடு மாதிரி. வீட்டு அலமாரிக்குள் இருப்பது எப்படிக் கீழே விழும்?" என்றேன். வாதத்தில் வென்றேன்.

புதன்கிழமை பிற்பகலில் வயலின் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். வரிசை ஊர்ந்தது. ஒரு வாலிபன், என் மகளைவிட இளையவனாயிருப்பான், சன்னலருகே வந்து, கண்ணாடிப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். நான் போதகர் முகத்தோடு சிரித்து, வீட்டுச் சாமான்கள்தான் தம்பி என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னேன். அவன் நம்பினான். நல்ல விழாவாக அமையட்டும் என்று வாழ்த்தி வழிவிட்டான்.

நான் சொன்னது பொய்யா? நான்கு பாட்டில்களும் வீட்டுச் சாமான்களே. சாராளைத் தன் சகோதரி என்று கேராரின் ராஜாவிடம் ஆபிரகாம் சொன்னதும் இப்படிப்பட்ட ஒரு வாக்கியமே. பின்னால் அகப்பட்டபோது, அவள் என் தகப்பனுக்குக் குமாரத்திதான், தாய்தான் வேறு என்று விளக்கம் கொடுக்கிறார். விளக்கம் சரியானது. ஆனால் கேட்டவர் அறிய விரும்பியது அதுவல்ல. இறையியல் கல்லூரியில் அந்த அதிகாரத்தைப் பற்றி நான் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வாசலைத் தாண்டியபின் கண்ணாடியில் என் மகளின் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழனும் வெள்ளியும் நன்றாய்க் கழிந்தன. மக்கள் கூட்டத்தையும், பாட்டையும், இரவில் மலைச்சரிவெங்கும் எரிந்த கூடார விளக்குகளையும் பற்றி எழுதினால் தியானம் பயணக்கட்டுரையாகிவிடும், விடுகிறேன். எங்களுக்கு அடுத்த வேனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியர் இருந்தார்கள். தங்கள் மகளோடும் நான்கு வயதுப் பேரனோடும் வந்திருந்தார்கள். முதியவர் நாற்பது ஆண்டு பால் பண்ணை நடத்தி ஓய்ந்தவர். பேரன் செருப்பு என்ற ஒன்று உலகில் உண்டென்பதையே அறியாதவன் போல, எங்கள் வேனுக்கும் அவர்கள் வேனுக்கும் இடையிலான புல்லில் நாள் முழுவதும் ஓடுவான். ஐயரம்மா அவனுக்கு முறுக்குக் கொடுத்துப் பழக்கிவிட்டாள்.

அந்த ஆண்டு மழையே இல்லை. சனிக்கிழமை வெயில் கடுமையாயிற்று. மூடிய வேன் அடுப்பைப் போலச் சுட்டது. அலமாரியைத் திறந்து பார்த்தபோது திராட்சரசப் பாட்டில்கள் கையில் சூடாயிருந்தன. நாளைய திருவிருந்துக்கு உரியது கெட்டுவிடுமே என்று மூன்றையும் எடுத்து, ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி, அதில் நிறுத்தி, வேனின் நிழல் விழும் பக்கத்தில் வைத்தேன். நிழல் நகரும் என்பதை நினைக்கவில்லை.

நாலரை மணியிருக்கும். நான் உள்ளே ஞாயிற்றுக்கிழமைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். வெடிச்சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் வாளி சாய்ந்து கிடக்கிறது, புல்லெல்லாம் சிவப்பு, ஒரு பாட்டிலைக் காணவில்லை.

காரணம் பிறகு விளங்கிற்று. திராட்சையின் தோலில் இயல்பாகவே ஈஸ்ட் இருக்கிறது. அது சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும். இருபத்தொரு நாள் காத்திருந்தால் அந்த வேலை பெரும்பாலும் பரணியிலேயே முடிந்து அடங்கியிருக்கும். நான் அவசரப்பட்டு நடுவில் வடித்து, இறுக மூடி, வெயிலில் காய்ச்சினேன். வாயுவுக்குப் போக்கிடமில்லை. ஷாம்பெயின் பாட்டிலுக்குள் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல ஐந்தாறு மடங்கு அழுத்தம் இருக்கும். அதனால்தான் அதை அவ்வளவு தடித்த கண்ணாடியில் செய்கிறார்கள். வினிகர் பாட்டில் அதற்குச் செய்யப்பட்டதல்ல. புதுத் திராட்சரசத்தைப் பழந்துருத்திகளில் வார்த்தால் துருத்தி வெடிக்கும் என்னும் ஆண்டவரின் உவமையை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்றெல்லாம் விளக்கியிருக்கிறேன். துருத்தி ஏன் வெடிக்கிறது என்பதை ஒரு நாளும் யோசித்ததில்லை. அவருக்குச் செவிகொடுத்தவர்கள் வீட்டில் ரசம் வடித்தவர்கள். அவர்களுக்கு அது உடனே புரிந்திருக்கும்.

பையன் அந்நேரம் வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். அது தேவனுடைய கிருபை என்று சொல்லிக் கடந்துவிட எனக்குத் துணிவில்லை. அவன் இன்னும் அரைமணி நேரத்தில் விழித்துக்கொள்வான்.

முழந்தாளிட்டுத் தேட ஆரம்பித்தேன். ஐயரம்மா ஒரு செய்தித்தாளை விரித்தாள். எடுத்த துண்டுகளையெல்லாம் அதன்மேல் வைத்தோம். மூடியும் கழுத்தும் ஒரே துண்டாகக் கிடைத்தன. அடிப்பாகம் வாளிக்குள் இருந்தது. நடுப்பாகம்தான் சிதறிப்போயிருந்தது. அந்தக் கண்ணாடிக்கு நிறமில்லை. பகல் வெளிச்சத்தில், புல்லடியில், நிறமில்லாத கண்ணாடியைக் கண்ணால் காண்பது எவ்வளவு கடினம் என்பது தேடியவர்களுக்கே தெரியும். விரலால் தடவித் தேடினேன். இரண்டு விரல்கள் அறுந்தன. ஐயரம்மா வந்து, "இப்படித் தேடினால் ஆகாது" என்று சொல்லி, ரொட்டியைக் கொண்டுவந்தாள். மென்மையான ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் ஒற்றி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத சிதறல்களெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். சமையலறையில் தம்ளர் உடைந்தால் பிசைந்த மாவால் ஒற்றுவார்களே, அதே முறை. மறுநாள் பிட்டுக் கொடுப்பதற்கென்று நான் வாங்கி வைத்திருந்த ரொட்டி அது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. முழு ரொட்டியும் அந்தப் புல்லில் செலவாயிற்று. சிவப்பாய் ஊறி, மினுமினுத்துக்கொண்டு, அது அந்தச் செய்தித்தாளின் மேல் கிடந்ததை நான் மறக்கமாட்டேன்.

மகள் வந்து பார்த்தாள். ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். கையுறையைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து தேடத் தொடங்கினாள்.

பையன் விழிக்குமுன் அவன் வீட்டாருக்குச் சொல்லவேண்டும். பத்தடி தூரந்தான். கடந்த முப்பது ஆண்டுகளில் எத்தனையோ பேர் வந்து என்னிடம் தங்கள் குற்றங்களை அறிக்கையிட்டிருக்கிறார்கள். வாசற்படி வரை வந்துவிட்டு, மழை வருமா ஐயா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு. அன்று நான் அவர்களுடைய வேன் கதவண்டை நின்று, இன்றைக்கு வெயில் அதிகம் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு சொன்னேன்: கண்ணாடிப் பாட்டில், தடை என்று தெரியும், தெரிந்தே கொண்டுவந்தேன், வெடித்துவிட்டது, துண்டுகள் புல்லில் இருக்கின்றன, பிள்ளையை வெளியே விடாதீர்கள்.

மகளாகிய இளந்தாய் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பிள்ளையின் செருப்பைத் தேடினாள். முதியவர் இறங்கி வந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். எத்தனை துண்டு கிடைத்தது என்று மட்டும் கேட்டார். செய்தித்தாளின் அருகே உட்கார்ந்து, சிறுபிள்ளைகள் படத்துண்டுகளைச் சேர்ப்பதுபோல, கழுத்திலிருந்து அடிவரை கண்ணாடியை அடுக்கத் தொடங்கினார். அடுக்கிக்கொண்டே மெதுவாய்ப் பசுவைப் பற்றிச் சொன்னார்.

பசு ஆட்டைப்போல உதட்டால் தெரிந்தெடுத்துக் கடிப்பதில்லையாம். நாவை நீட்டிப் புல்லை வளைத்து இழுத்து, வந்ததை அப்படியே விழுங்கும்; மெல்லுவது பின்பு ஓய்வாய்ப் படுத்து அசைபோடும்போதுதான். ஆணியோ கம்பியோ புல்லோடு போய்விட்டால் வயிற்றின் முதல் அறைகளில் தங்கிவிடும். இரைப்பையின் அந்தப் பக்கத்துக்கும் இருதயத்துக்கும் இடையில் அதிக தூரமில்லை. துளைத்துக்கொண்டு இருதயம் வரைக்கும் போய்விடுவதுண்டு. அதற்காகப் பண்ணைக்காரர்கள் பசுவுக்கு ஒரு காந்தத்தை விழுங்கக் கொடுப்பார்களாம். அது ஆயுள் முழுவதும் வயிற்றில் கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த வயல்களிலும் விழா முடிந்தபின் டிராக்டரில் காந்தப் பட்டைகளைக் கட்டி இழுத்துக் கூடார முளைகளையெல்லாம் பொறுக்குவார்கள் என்றார். பிறகு ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, இதைக் காந்தம் பிடிக்காது என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில், ஒருவன் குழியைத் தோண்டி மூடாமல் விட்டு, அதில் மாடோ கழுதையோ விழுந்தால், குழிக்குரியவன் ஈடுகொடுக்கவேண்டும் என்றொரு கட்டளை இருக்கிறது. உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டினால் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று இருக்கிறது. பத்துக் கட்டளைகளைப் பிரசங்கிக்கிற நாம் இவற்றை விரைவாய் வாசித்துக் கடந்துபோகிறோம். நானும் அப்படியே செய்திருக்கிறேன். குழி வெட்டினவன் மாட்டின்மேல் பகை கொண்டவனல்ல. அவனுக்குத் தண்ணீர் தேவையாயிருந்தது. மூடாமல் போனான். எனக்குத் தெரியாத ஒரு பசு, செப்டம்பரிலோ அடுத்த வசந்தத்திலோ, நான் நின்ற இடத்தில் நாவை நீட்டும். அதற்கும் எனக்கும் நடுவில் ஒரு வாலிபன் நின்று கேள்வி கேட்டான். அவனுக்குத்தான் நான் சிரித்துப் பதில் சொன்னேன்.

இருட்டினபின் கைவிளக்கைத் தரையோடு தரையாக வைத்து அடித்தால் கண்ணாடி மின்னும் என்று மகள் சொன்னாள். இரவு பதினொரு மணி வரை மூவரும் வயிற்றின்மேல் படுத்துத் தேடினோம். தூரத்தில் பாட்டும் ஆரவாரமும் கேட்டுக்கொண்டிருந்தன. வெள்ளிக்காசைத் தொலைத்தவள் விளக்கைக் கொளுத்தித் தேடினாள். அவள் தேடியது தன் பொருளை. கடைசியில் செய்தித்தாளின் மேல் பாட்டில் ஏறக்குறைய முழுமையாய் நின்றது, நடுவில் ஓர் ஓட்டையோடு. கட்டைவிரல் நகத்தளவு, முக்கோணமாய், ஒரு துண்டு மட்டும் கிடைக்கவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் வாசலுக்குப் போனேன். அந்த வாலிபன் இல்லை. வேறொரு பெண் இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. என்னோடு வந்து இடத்தைப் பார்த்து, நான்கு முளையடித்து நாடா கட்டி, காகிதத்தில் குறித்துக்கொண்டாள். மீதமிருந்த இரண்டு திராட்சரசப் பாட்டில்களின் மூடிகளைக் கந்தையால் மூடி மெதுவாய்த் திருகினேன், சீறிக்கொண்டு நுரைத்தன. அவற்றைக் கொட்டிவிட்டுப் பாட்டில்களைக் கொடுத்தேன். வேறு ஏதாவது கண்ணாடி இருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

எதிரில் ஐயரம்மா நின்றாள். அவள் கண் அலமாரியின் பக்கம் போகவில்லை, தரையைப் பார்த்தாள். சொல்லாமலிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. அது உடையவுமில்லை, வெடிக்கக்கூடியதுமல்ல. அன்று மாலையே நாங்கள் கிளம்பிவிடுவோம். பத்திரமாய்ச் சுற்றிக் கொண்டுபோய்விடலாம். இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குள் ஓடின.

இருக்கிறது என்றேன். ஊறுகாயை எவர்சில்வர் டிபன் டப்பாவில் மாற்றினாள் ஐயரம்மா. ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவினேன். கழுவியிருக்கவேண்டிய அவசியமில்லை. அந்தப் பெண்ணுக்கு அது என்னவென்று தெரியாது, சொல்லவும் தோன்றவில்லை. வாங்கி, பெட்டியில் மற்ற இரண்டோடு வைத்தாள். சத்தம் கேட்டது. கண்ணாடியோடு கண்ணாடி இலேசாய் இடித்துக்கொள்ளும் சத்தம்.

காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் ஏழு பேர் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். திருவிருந்து இல்லை என்றேன். ரொட்டியும் ரசமும் என்னவாயிற்று என்று சொன்னேன். ஆயத்தப்படுத்திய குறிப்பை வாசிக்கவில்லை. வாசலில் நான் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அதுவரை தலைகுனிந்திருந்த என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பையன், "ஐயா, நாங்களும் இரண்டு பாட்டில் கொண்டுவந்திருக்கிறோம்" என்றான். அது திராட்சரசமல்ல என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. சிரித்துவிட்டோம். பின்பு ஜெபித்தோம். அன்று பிற்பகல் டேவிட் அட்டன்பரோ பெரிய மேடைக்கு வந்து, பிளாஸ்டிக் பாட்டில்கள் இல்லாமல் அந்த விழாவை நடத்தியதற்காக மக்களுக்கு நன்றி சொன்னார். அவருக்கு அப்போது 93 வயது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நானும் கைதட்டினேன், விரல்களில் கட்டுப் போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

புறப்படும்போது முதியவரிடம் விடைபெற்றேன். என் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைக்கோ மாட்டுக்கோ ஏதாவது நேர்ந்தது என்று கேள்விப்பட்டால் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். மாட்டைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியவரும் என்று பிறகுதான் எண்ணினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடிதம் வரவில்லை.

பெண்கள் ஐக்கியத்தாருக்கு: ஊறுகாயைக் கண்ணாடியில் போடுங்கள், அதுவே அதற்கு ஏற்றது. ஆனால் வளாகத்துக்குள் விற்கவேண்டாம். மேசையை வாசற்கதவுக்கு வெளியே சாலையோரமாய்ப் போடுவோம், வாங்குகிறவர்கள் நேரே வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். பண்டிகை முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு வளாகத்தைக் கூட்ட நான் வருகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் கையுறையோடு வாருங்கள்.

என் மகள் குப்பை பொறுக்குவோரோடு மேலும் பத்து நாள் அங்கே தங்கினாள். கேம்பர்வேன் வயலைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டு வாங்கினாளாம். வரிசையாய் நின்று, கையெட்டும் தூரத்தில், அடி அடியாய் நடந்து பொறுக்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் கால் நீட்டி உட்கார்ந்து கணக்குச் சொன்னாள்: கூடார முளைகள், தலைக்கிளிப்புகள், நாணயங்கள், ஒரு பல்செட்டு. நாடா கட்டிய இடத்தில் மூன்று முறை தேடினாளாம். கண்ணாடி ஒரு துண்டு கிடைத்ததா என்று நானாகக் கேட்கும்வரை சொல்லவில்லை. கிடைத்தது, அப்பா, என்றாள். ஆனால் அது பச்சை நிறம்.